செப்பும் வினாவும்: வயதுவந்தோர்க்கு ஆங்கில உரையாடல் கற்பித்தலில் தமிழிலக்கணத்தின் இடம்

தமிழ் இலக்கண மரபில் உரையாடல் பற்றிய சிந்தனை மிகத் தொன்மையானது. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்தில், திணை பால் பாகுபாட்டைக் கூறியபின் செப்பையும் வினாவையும் வழுவாமல் காக்கும் முறையைப் பேசுகிறார். வினாவுக்கு எதிராக எழும் வினாவும் செப்பாகவே கொள்ளப்படும் என்ற நுட்பமும் அங்கேயே இடம்பெறுகிறது. பவணந்தி முனிவர் நன்னூற் பொதுவியலில் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்துக் காட்டினார். இப்பகுதிகளை நாம் தேர்வுக்காகப் படித்துக் கடந்துவிடுகிறோம். இவை மாலைநேர ஆங்கிலப் பேச்சு வகுப்பொன்றில் இன்றும் பயன்படக்கூடியவை என்பதே இக்கருத்துரை முன்வைக்க விரும்பும் செய்தி. தமிழ் ஆய்விதழில் ஆங்கிலம் கற்பித்தல் பற்றி எழுதுவது சிலர்க்கு வியப்பளிக்கலாம். எனினும், இப்பொருள் ஆங்கிலத்துறையைவிடத் தமிழ்த்துறைக்கே மிகுதியும் உரியது என நான் கருதுகிறேன்.

இக்கருத்து நூலகத்தில் பிறந்ததன்று. முனைவர் பட்ட ஆய்வுக்கு உதவித்தொகை இல்லாத ஆய்வாளர் பலரைப் போல நானும் மாலை வேளைகளில் வேறு பணி செய்ய வேண்டியிருந்தது. காவிரிக்கரை நகரொன்றில், பேருந்து நிலையத்தருகே மாடியில் இயங்கிய பயிற்சி நிலையமொன்றில், வயதுவந்த தொடக்கநிலைக் கற்போர்க்கு அன்றாட ஆங்கிலப் பேச்சைக் கற்பிக்கும் பணி கிடைத்தது. துணிக்கடை விற்பனைப் பெண்கள், ஓர் ஆட்டோ ஓட்டுநர், வெளிநாட்டு வேலைக்கு முயலும் உணவக ஊழியர்கள், தையல்கடை நடத்தும் நாற்பது வயதுப் பெண்மணி ஒருவர் எனப் பலவகையினர் வந்தனர். பெரும்பாலோர் பள்ளியில் பத்தாம் வகுப்புவரை ஆங்கிலப் பாடம் படித்தவர்களே. அதாவது, அவர்கள் ஆங்கிலம் அறியாதவர்கள் அல்லர். ஆங்கிலத்தில் வாய் திறந்தறியாதவர்கள்.

அந்நிலையத்தின் வகுப்பறையில் ஒரு தகர உண்டியல் இருந்தது. தமிழில் பேசினால் ஒரு சொல்லுக்கு ஐந்து ரூபாய் அதில் இட வேண்டும். இவ்வழக்கம் அந்நிலையத்துக்கு மட்டும் உரியதன்று. பள்ளிகளிலும் இதையொத்த தண்டனைகள் இருப்பதைப் பலரும் அறிவர். உண்டியலின் விளைவு எளிதில் ஊகிக்கத்தக்கதே. கற்போர் ஆங்கிலம் பேசவில்லை, பேசுவதையே நிறுத்திக்கொண்டனர். தையல்கடை அம்மா மூன்று வாரங்கள் தம் பெயரைத் தவிர வேறொன்றும் கூறவில்லை. கடையில் நாள்முழுதும் வாடிக்கையாளரிடம் பேசிப் பேசியே தொழில் நடத்துபவர் அவர்.

'தாய்மொழியைப் பயன்படுத்தாமல் இலக்குமொழியை இலக்குமொழியாலேயே கற்பிக்க வேண்டும்' என்னும் கொள்கைக்கு ஒரு வரலாறு உண்டு. பெர்லிட்ஸ் 1878இல் அமெரிக்காவில் தொடங்கிய பள்ளியின் வழியாக இம்முறை பரவலாயிற்று. பல நாட்டினர், பல மொழியினர் ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் சூழலுக்கு இது பொருந்துவது. அங்கே ஆசிரியர் துணைகொள்ளத்தக்க பொதுமொழி ஒன்றில்லை. பின்னர் 1961இல் உகாண்டாவின் மக்கரேரேயில் நிகழ்ந்த காமன்வெல்த் நாடுகளின் ஆங்கிலக் கல்வி மாநாட்டின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்றாக இதுவும் எண்ணப்பட்டது. ராபர்ட் ஃபிலிப்சன் 1992இல் வெளியிட்ட மொழி ஏகாதிபத்தியம் பற்றிய நூலில் இதனை ஒருமொழிப் போலிவாதம் எனப் பெயரிட்டு மறுத்தார். நம் வகுப்பறையில் இருபது பேரும் தமிழர், ஆசிரியரும் தமிழர். பொதுமொழி இல்லாத இடத்துக்கு வகுத்த மருந்தைப் பொதுமொழி உள்ள இடத்தில் ஊட்டுவது ஏன் என்ற கேள்வியை அந்நிலையத்தில் எவரும் எழுப்பியதாகத் தெரியவில்லை. முதல் ஆண்டு நானும் எழுப்பவில்லை. உண்டியலை நிரப்பும் பணியில் நானும் உடந்தையாகவே இருந்தேன்.

பிறகு ஒருநாள், மேலாளர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, உண்டியலை அலமாரியில் வைத்துவிட்டுத் தமிழ்வழியே கற்பிக்க முற்பட்டேன். அம்முதல் முயற்சி தோற்றது. அதற்குக் காரணம் நான் தமிழ் படித்தவன் என்பதே. கரும்பலகையின் ஒருபுறம் ஆங்கிலத் தொடரையும் மறுபுறம் 'தாங்கள் எங்குச் செல்கிறீர்கள்?' என்பதையும் எழுதினேன். ஆட்டோ ஓட்டுநர் அதை உரக்கப் படித்துவிட்டு, "சார், இப்படி யாருங்க கேப்பாங்க? நாங்க 'எங்க போகணும்'னுதான கேப்போம்" என்றார். வகுப்பு சிரித்தது. அச்சிரிப்பில் ஓர் ஆய்வுரைக்குரிய பொருள் இருந்ததை அன்றிரவுதான் உணர்ந்தேன். 'எங்கே போக வேண்டும்' என்பதும் 'எங்கே போகிறீர்கள்' என்பதும் ஒன்றல்ல. ஆட்டோ ஓட்டுநருக்கு வேண்டிய ஆங்கிலத் தொடர், பாடநூல் தந்த தொடரன்று. எழுத்துத்தமிழை இடையில் நிறுத்தினால் கற்பவர் ஓர் ஆறு கடப்பதற்கு இரண்டு ஆறுகள் கடக்க வேண்டியவராகிறார்.

ஃபெர்குசன் 1959இல் இரட்டைவழக்கு பற்றி எழுதிய கட்டுரைக்குப் பின்னர், தமிழின் பேச்சு, எழுத்து வழக்குகளின் இடைவெளி குறித்து ஆய்வுகள் பல வந்துள்ளன. ஆயின் அவ்வறிவு முப்பது நாளில் ஆங்கிலம் கற்பிப்பதாகக் கூறும் கையேடுகளை இன்னும் எட்டவில்லை. அவற்றில் காணப்படும் தமிழ் எவர் வாயிலும் வழங்காத தமிழ். ஆங்கில ஒலிப்பைத் தமிழெழுத்தில் தரும் அவற்றின் முறையும் இடர்மிக்கது. பையைக் குறிக்கும் சொல், முதுகைக் குறிக்கும் சொல், மூட்டைகட்டுதலைக் குறிக்கும் சொல், அடுமனையில் சுடுதலைக் குறிக்கும் சொல் ஆகிய நான்கையும் அக்கையேடுகளின் முறைப்படி 'பேக்' என்றே எழுத நேரும். வல்லெழுத்தின் ஒலிப்பு வேறுபாடு தமிழில் இடத்தால் அறியப்படுவது, எழுத்தால் காட்டப்படுவதன்று. வல்லின மெய் மொழிக்கு இறுதியில் வாராது என்ற விதியும் நாவில் உறுதியாகப் பதிந்துள்ளது. 'புக்கு', 'கப்பு' என உகரம் சேர்த்து ஒலிப்பவரை நகைப்போர், அவர் மொழியிறுதி பற்றிய இலக்கண விதியைப் பிறமொழியிலும் பிழையறப் பின்பற்றுகிறார் என்பதை அறியார். இதனை வகுப்பில் விளக்கியபோது கற்போர் முகங்களில் தோன்றிய ஆறுதல் குறிப்பிடத்தக்கது. அவர்கள் அதுகாறும் அதைத் தம் நாவின் குறை என எண்ணியிருந்தனர்.

தொடரமைப்பிலும் இவ்வாறே. 'இவர் ஆசிரியர்' என்னும் பெயர்ப்பயனிலைத் தொடரில் தமிழுக்கு இணைப்பு வினை வேண்டுவதில்லை. எனவே தொடக்கநிலையாளர் ஆங்கிலத்தில் அதனை விட்டுவிடுகிறார். அல்லது, கண்டிக்கப்பட்டபின், எல்லா வினைக்கும் முன்னே சேர்த்து 'ஐ ஆம் கோ' என்கிறார். நான்காம் வேற்றுமை இன்னுஞ் சுவையானது. எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தெரியும், எனக்கு வேண்டும், எனக்குப் பிடிக்கும், எனக்கு இரண்டு பிள்ளைகள் என நம் அன்றாடப் பேச்சின் பெரும்பகுதி கு உருபின்மேல் நிற்கிறது. ஆங்கிலத்தில் இவை அனைத்தும் எழுவாயாக நிற்கும் 'ஐ' என்பதால் தொடங்கும். இவ்வொன்றை மட்டும் ஒரு வார காலம் தமிழ்த்தொடர்களை முன்வைத்துப் பயிற்றினேன். பள்ளிப் பாடத்தில் பத்தாண்டுகள் கிட்டாத தெளிவு கிட்டியதாகச் சிலர் கூறினர்; அது மிகையாகவும் இருக்கலாம். 'நேற்றுத்தான் வந்தேன்' என்பதைக் கருதி 'யெஸ்டர்டே ஒன்லி' என்பவரிடம் அது பிழை எனக் கூறுவதைவிட, 'தான்' என்னும் இடைச்சொல் செய்யும் தேற்றப்பணியை ஆங்கிலம் பெரும்பாலும் குரலழுத்தத்தால் செய்கிறது எனக் காட்டுவது பயன்மிக்கது. 'மதுரைக்கா போனீங்க?', 'நேத்தா போனீங்க?', 'நீங்களா போனீங்க?' என வினா எழுத்து ஐயுற்ற சொல்லின்மேல் ஏறி அமரும் நம் வழக்குக்கும் இதே விளக்கம் பொருந்தும்.

பிழைகள் அனைத்தும் தாய்மொழியால் விளைவன என்பதன்று என் கருத்து. ராபர்ட் லேடோ 1957இல் முன்வைத்த உறழ்வுநோக்கு அவ்வாறு பெரிதும் நம்பியது. 1967இல் கார்டர் கற்போர் பிழைகளை அவர்தம் கற்றல்வழியின் சான்றாக நோக்க வேண்டும் எனக் காட்டியபின் அந்நம்பிக்கை தளர்ந்தது. என் வகுப்பிலும் தமிழோடு தொடர்பற்ற பிழைகள் நிறையவே இருந்தன. எனினும், உரையாடல் முறிந்துபோகும் இடங்கள், அதாவது கேட்பவர் தவறாகப் புரிந்துகொள்ளும் அல்லது முகஞ்சுளிக்கும் இடங்கள், பெரும்பாலும் தமிழ்ப் பேச்சுமரபும் ஆங்கிலப் பேச்சுமரபும் மோதும் இடங்களாகவே இருந்தன. இங்கேதான் செப்பும் வினாவும் வருகின்றன.

உணவக ஊழியர் ஒருவர் வெளிநாட்டு வேலைக்கான நேர்காணலில் தாம் இழந்த வாய்ப்பைப் பற்றிக் கூறினார். 'இரவுப் பணியில் உமக்கு இடர்ப்பாடு ஏதும் இல்லையே?' என்று ஆங்கிலத்தில் வினவினர். அவர் 'யெஸ் சார்' என்றார். வினவியவர் மீண்டும் கேட்டார். அவர் இன்னும் உறுதியாக 'யெஸ் சார்' என்றார். தமிழில் 'சாப்பிடலையா?' என்றால் 'ஆமாங்க, சாப்பிடலை' என்பது இயல்பான விடை. வெறும் 'இல்லைங்க' என்பதும் வழக்கே. நம் 'ஆமாம்' கேட்டவர் கூற்றுக்கு உடன்படுகிறது. ஆங்கிலத்தின் 'யெஸ்' கூற்றுக்கு உடன்படுவதன்று. நிகழ்வின் உண்மைக்கு உடன்படுவது. ஆகவே அவர் உடன்பாடாகக் கூறிய நேர்விடை, 'ஆம், இடர்ப்பாடு உண்டு' எனச் சென்று சேர்ந்தது. அவருக்கு வேலை கிட்டவில்லை. வேறு காரணமும் இருந்திருக்கலாம். ஆனால் அவர் பேசிய ஆங்கிலத்தில் சொற்பிழை ஒன்றுமில்லை. பள்ளியில் அவருக்கு இதனை எவரும் கற்பித்திலர்.

பாடநூல் உரையாடல்கள் மறைவிடை, நேர்விடை ஆகிய இரண்டை மட்டுமே பயிற்றுகின்றன. 'ஆம், செய்வேன்', 'இல்லை, செய்யேன்' என்பனவே முடிவின்றித் தொடரும். நன்னூலார் வெளிப்படை விடைகளாகச் சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றை மட்டும் வைத்து, குறிப்பு விடைகளாக ஐந்தை வைத்தார்: ஏவல், வினாவெதிர் வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி. எண்ணிக்கையிலேயே அவர்தம் உலகியல் அறிவு தெரிகிறது. மனிதர் நேரே விடையிறுப்பதைவிடச் சுற்றி விடையிறுப்பதே மிகுதி. துணிக்கடைப் பெண்ணொருவர் வகுப்பில் ஒரு சிக்கலை எழுப்பினார். வெளிமாநில வாடிக்கையாளர் வந்து 'இதில் நீலம் உண்டா?' என ஆங்கிலத்தில் வினவினால், தமக்குத் தெரிந்தது 'நோ மேடம்' என்பது மட்டுமே. அத்துடன் வாடிக்கையாளர் போய்விடுகிறார். தமிழில் கேட்டால் தாம் என்ன கூறுவார் எனக் கேட்டேன். சற்றும் எண்ணாமல், "பச்சை இருக்குங்க, உங்களுக்கு எடுப்பா இருக்கும்" என்றார். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய நூலொன்று இனமொழி விடை எனப் பெயரிட்ட திறனை அவர் அன்றாடம் நூறு முறை கையாள்கிறார். ஆங்கில வகுப்பு அத்திறனை அவரிடமிருந்து பறித்து, 'ஆம்', 'இல்லை' என்னும் இரண்டு சொற்களைக் கையில் கொடுத்து அனுப்புகிறது. வயதுவந்தோர்க்கும் குழந்தைக்கும் உள்ள வேறுபாடு இதுவே. குழந்தை மொழியோடு உரையாடலையும் கற்கிறது. வயதுவந்தவர் உரையாடலில் தேர்ந்தவராகவே வகுப்புக்குள் நுழைகிறார்; அவருக்கு வேண்டுவது சொல் மட்டுமே.

இதன்பின் பாடங்களை மாற்றியமைத்தேன். கொளல் வினா, கொடை வினா, ஐய வினா என ஒவ்வொன்றுக்கும் அவரவர் தொழிலிலிருந்து தமிழ்த்தொடர்களைத் திரட்டி, அவற்றுக்கு இணையான ஆங்கிலத் தொடர்களை எழுதினோம். 'கைவலி' எனக் கூறி வேலையை மறுக்கும் உற்றதுரைத்தல் விடைக்கு இணை தேடியபோது வகுப்பு மிகவும் உற்சாகமடைந்தது. மேலதிகாரியிடம் மறுப்பது எப்படி என்பதே அவர்களுள் பலர் உண்மையில் கற்க விரும்பிய பாடம் போலும்.

தையல்கடை அம்மாவின் இடர் வேறு. அவர் மகன் அண்டை மாநிலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். விடுதிக் காப்பாளரிடம் தொலைபேசியில் 'கிவ் போன் டு மை சன்' என்றாராம். மறுமுனையில் குரல் கடுத்தது. 'நான் மரியாதையாகத்தானே கேட்டேன்' என்பது அவர் குறை. அவர் கூறியது உண்மை. அவர் மனத்தில் எழுந்த தொடர் 'பையன்கிட்ட போன் குடுங்க' என்பது. அத்தொடரில் மரியாதை முழுவதும் 'ங்க' என்னும் விகுதியில் உறைகிறது. தமிழர் அன்றாடப் பேச்சில் 'தயவுசெய்து' என்பது அரிது. 'நன்றி' என்பதும் நெருங்கியோரிடம் அந்நியமாகவே ஒலிக்கும். விகுதியே பணிவைச் சுமப்பதால் தனிச்சொல் வேண்டுவதில்லை. மொழிபெயர்க்கும்போது விகுதி உதிர்ந்து, வெற்று ஏவல் எஞ்சுகிறது. ஆங்கிலமோ அப்பணிவை வினாவடிவில் வைக்கிறது: 'குட் ஐ ஸ்பீக் டு மை சன்?' நம் ஏவல் வினாவை ஒருபுடை ஒத்தது இது. 'ங்க எங்கே வருகிறதோ அங்கே குட் வரும்' என்று ஒரு தற்காலிக விதியைப் பலகையில் எழுதினேன். மொழியியலாளர் இதனை ஏற்கமாட்டார் என அறிவேன். ஆனால் அந்த அம்மா, மூன்று வார மௌனத்துக்குப் பின், அவ்விதியைக் கொண்டு பன்னிரண்டு தொடர்களைத் தாமே அமைத்தார்.

இவ்வாறு கற்போர் மொழியின் துணைகொண்டு பேச்சைக் கற்பிப்பது புதுமையன்று. வயதுவந்த தொடக்கநிலையாளர்க்கு அன்றாடப் பேச்சைக் கற்பிக்கும் நூல்கள் தமிழகத்தில் நெடுங்காலமாக உண்டு. ஆனால் அவை தமிழ் கற்க வந்த ஐரோப்பியர்க்காக எழுந்தவை. வீரமாமுனிவர் பேச்சு வழக்கான கொடுந்தமிழுக்கும் செந்தமிழுக்கும் தனித்தனியே இலத்தீனில் இலக்கணம் வகுத்தார். கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. 1812இல் நிறுவப்பட்ட சென்னைக் கோட்டைக் கல்லூரியில் கும்பினி அலுவலர் தமிழ் பயின்றனர். தேர்ச்சி பெற்றோர்க்குப் பணப்பரிசும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜி.யு. போப்பும் ஆர்டனும் வழக்குத்தமிழுக்கு ஆங்கிலத்தில் நூல் செய்தனர். 1999இல் ஹெரால்டு ஷிஃப்மன் வெளியிட்ட பேச்சுத்தமிழ் இலக்கணமும் ஆங்கிலத்தில் அமைந்ததே. தமிழ் கற்க வந்த ஆங்கிலேயர்க்கு அவர்தம் மொழிவழியே கற்பித்துப் பரிசும் அளித்தனர். ஆங்கிலம் கற்க வந்த தையல்காரருக்கோ தம் மொழியைப் பேசியதற்கு ஐந்து ரூபாய் தண்டம். நம் பேச்சின் இலக்கணம் பெரும்பாலும் பிறர்க்காகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அதனை நமக்காக நம் மொழியில் எழுதும் தேவை இருப்பதாக நாம் கருதவில்லை.

ஆய்வரங்கொன்றில் இக்கருத்தைக் கூறியபோது, தமிழ் ஆய்வாளர் ஆங்கிலத்துக்குத் தொண்டு செய்வது முறையா என மூத்த அறிஞர் ஒருவர் வினவினார். அவர் கவலை மதிக்கத்தக்கது. ஆங்கில மோகத்தால் தமிழ் இழந்தவை பல. ஆனால் என் வகுப்பினர் மோகத்தால் வந்தவர்கள் அல்லர். பிழைப்புக்காகவும் பிள்ளைக்காகவும் வந்தவர்கள். நாம் விலகி நிற்பதால் அவர்கள் ஆங்கிலம் கற்காமல் இருக்கப்போவதில்லை. உண்டியல் வைத்திருக்கும் இடத்தில் கற்பார்கள். அங்கே அவர்கள் முதலில் கற்பது தம் மொழி தடை என்பதை. நன்னூல் வழியே கற்ற துணிக்கடைப் பெண், வகுப்பு முடியும் வேளையில், 'இனமொழின்னா என்னன்னு அந்த புத்தகத்துல இன்னும் போட்டிருக்கா?' என வினவினார். ஆங்கில வகுப்பில் எழுந்த இவ்வினாவை என் முதுகலை வகுப்பில் எவரும் எழுப்பியதில்லை.

தமிழ்த்துறைகளில் ஒப்பியல் ஆய்வேடுகள் ஆண்டுதோறும் குவிகின்றன. அவற்றுள் சிலவேனும் கடைத்தெரு, மருத்துவமனை, பேருந்து, பள்ளி வாயில் ஆகிய இடங்களில் வழங்கும் பேச்சுத்தமிழின் வினாவிடைகளைத் திரட்டி, வட்டார வேறுபாடு காட்டி, ஆங்கில இணைகளோடு உறழ்ந்து நோக்குவனவாக அமையலாம். தஞ்சை வட்டாரத்துக்கு அமைத்த பாடம் கோவைக்கோ நெல்லைக்கோ அப்படியே பொருந்தாது. 'ங்க' விகுதியின் ஆட்சியே ஊருக்கு ஊர் மாறுகிறது. இப்பணியை ஆங்கிலத்துறை செய்ய இயலாது. நன்னூலும் களப்பணியும் அறிந்தவரே செய்யக்கூடும்.

நாங்கள் தொகுத்த குறிப்பேட்டில் இப்போது இருநூறுக்கு மேற்பட்ட தொடரிணைகள் உள்ளன. எதிர்மறை வினாவுக்கு விடையிறுக்கும் பகுதி மட்டும் இன்னும் சரியாக அமையவில்லை. விதியை விளக்கினால் எல்லோர்க்கும் புரிகிறது. ஆனால் அந்த உணவக ஊழியரிடம், சென்ற வாரமும், வகுப்பு முடிந்து படியிறங்கும்போது எதிர்பாராமல், 'யூ ஆர் நாட் கமிங் டுமாரோ?' என்றேன். மறுநாள் அவருக்கு விடுமுறை கிடையாது. வரமாட்டார் என எனக்குத் தெரியும். அவர் திரும்பிப் பார்த்து, 'யெஸ் சார்' என்றார்.